ஆளுக்குக் கொஞ்சம் தண்ணீர்

கான்கிரீட்டில் தண்ணீர் ஊற்றாத ஆள் கிடையாது. மிக்ஸர்காரன் ஊற்றுவான், மெஷின் முக்காமல் முனகாமல் சுற்ற வேண்டும். பம்புக்காரன் ஊற்றுவான், குழாய் அடைத்துக்கொண்டால் கழற்றி மாட்டுவதற்குள் அவனுக்குத் தாவு தீர்ந்துவிடும். மேலே கம்பிக்கூட்டின்மேல் நின்று பரப்புகிறவனும் ஊற்றுவான். கெட்டிக் கலவையை இழுத்து இழுத்து இடுப்பு கழன்றுபோகும். யாரும் அதிகமாக ஊற்றுவதில்லை. ஆளுக்குக் கொஞ்சம்தான். மூன்று கொஞ்சம் சேர்ந்தால் தளம் கழுநீராகிவிடும் என்று ஒவ்வொருவனுக்கும் தெரியும். அதனால் மற்ற இரண்டு பேரும் ஊற்றக் கூடாது என்று ஒவ்வொருவனும் மனதார விரும்புவான்.

அதைத் தடுக்கவே கம்பெனி ஒரு மேஸ்திரியை வைத்திருந்தது. வேலையிடத்தில் அவனுக்குப் பெயர் தண்ணிப் போலீஸ். புதிதாக வருகிறவர்கள், குடித்துவிட்டு வருகிறவனைப் பிடிக்கிற ஆள் போலிருக்கிறது என்று வாயைப் பொத்திக்கொண்டு நடப்பார்கள். பிறகுதான் தெரியும், அவன் வாயை மோந்து பார்க்கிறவன் இல்லை, கலவையைச் சோதிக்கிறவன் என்று. அவனிடம் ஓர் இரும்புக் கூம்பு இருந்தது. அதில் கலவையை நிரப்பிக் குத்தி, கூம்பை மட்டும் மெல்ல மேலே தூக்குவான். குவியல் நிமிர்ந்து நின்றால் கலவை சரி. உட்கார்ந்துவிட்டால் தண்ணீர் கூடுதல். வழிந்து ஓடினால் அன்றைக்கு எவனுக்கோ பூசை.

"எவன்டா ஊத்தினது?"

"யாரும் ஊத்தலண்ணே. வானம் மூட்டமா இருக்குல்ல, அதான்."

"மூட்டம் வந்து வாளியோட ஊத்திட்டுப் போச்சா?"

டீக்கடையில் நின்றுகொண்டு சொல்லுவான்: "சிமெண்ட் திருடுறவனக்கூட மன்னிச்சுடலாம். ஒரு மூட்டையோட போயிருவான். தண்ணி ஊத்துறவன் மொத்தத்தையும் கெடுத்துட்டு, நல்லவன் மாதிரி பக்கத்துலயே நிப்பான்."

இப்பேர்ப்பட்டவனுடைய ஒன்பது மாத மகன்தான் எடை ஏறாமல் இருந்தான்.

சுகாதார நிலையத்தில் தொங்குதராசில் பயலைத் துணித்தூளியில் போட்டுத் தொங்கவிட்டார்கள். அவன் காலை உதைத்துக்கொண்டு கத்தினான். சுவரில் கொழுகொழுவென்று ஒரு குழந்தையின் படம். அதன் கையில் முழு ஆப்பிள். ஒன்றரைப் பல்லோடு இருக்கிற குழந்தை ஆப்பிளை உருட்டி விளையாடலாமே தவிரத் தின்ன முடியாது என்பது படத்தை ஒட்டியவருக்குத் தோன்றவில்லை. எல்லா அம்மாக்களும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தங்கள் கையில் இருப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

நர்ஸ் முள்ளைப் பார்த்தாள். "போன மாசம் நின்ன எடத்துலயே நிக்குது."

மேஸ்திரி, அவன் பெண்டாட்டி, அவன் அக்கா மூவரும் வந்திருந்தார்கள். பெண்டாட்டி ஒரு லாண்டரியில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் மெஷினில் நிற்பவள். சேர்ந்து கொஞ்ச நாள்தான். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. அக்கா செங்கல் சூளையில் தலைச்சுமை தூக்கித் தூக்கிக் கழுத்து போனவள். புருஷன் எங்கேயோ போய் வருஷக்கணக்காகிறது. "சும்மாதானே இருக்க, புள்ளையப் பாத்துக்க" என்று தம்பி கூட்டிவந்து வைத்திருந்தான். அவள் சும்மா இருப்பது விடிகாலையில் தொடங்கிப் பொழுது சாயும்வரை நீடித்தது.

"தாய்ப்பால் குடுக்குறியாம்மா?"

"காலைல கெளம்புறதுக்கு முன்னாடி, வந்தப்புறம், ராத்திரில. நடுவுல முடியல சிஸ்டர். மெஷின விட்டு நகர விட மாட்டாங்க."

"கஞ்சி?"

"மூணு வேளை. வேளைக்கு ஒரு கிண்ணம்." மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தக் குடும்பம் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அநேகமாக அதுதான் முதல் தடவை.

"நீங்க குடுக்குற சத்துமாவுதான்" என்று சேர்த்துக்கொண்டாள் பெண்டாட்டி. "வேற எதையும் கலக்குறதில்ல."

"மிச்சம் வைப்பானா?"

"நான் குடுக்குறப்ப ஒரு சொட்டு வைக்க மாட்டான்" என்றான் மேஸ்திரி. சொல்லும்போது அக்காவை ஒரு பார்வை பார்த்தான்.

நர்ஸ் நெற்றியைச் சொறிந்தாள். வெளியே வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது. "அளவு சரியாத்தான் இருக்கு. வயித்தால போகல, காய்ச்சல் இல்ல. அப்புறம் ஏன் ஏற மாட்டேங்குது?" பதிலுக்காகக் காத்திருக்க அவளுக்கு நேரமில்லை. "ரெண்டு வாரத்துல திரும்பத் தூக்கிட்டு வாங்க. அப்பவும் ஏறலன்னா பெரிய ஆஸ்பத்திரில சேத்துறணும். வெளையாட்டில்ல. இந்த வயசுல வளர்றதுதான் ஒடம்புக்கும் மூளைக்கும். அம்மா கூடவே தங்க வேண்டியிருக்கும்."

பெண்டாட்டியின் முகம் இஸ்திரி போட்ட துணிபோல ஆகிவிட்டது. பிள்ளையோடு தங்கினால் வேலை போகும். தங்காவிட்டால் பிள்ளை போனாலும் போகும். இரண்டையும் சொல்லாமல் பயலின் சட்டைப் பொத்தானைப் போட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மூவரும் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டுக்கொண்டு வந்தார்கள். பால் வற்றிவிட்டது என்றாள் அக்கா. பகலெல்லாம் யார் கையில் இருக்கிறானோ அவர்களைக் கேட்க வேண்டும் என்றாள் பெண்டாட்டி, ஆகாயத்தைப் பார்த்து. மேஸ்திரி இருவரையும் அதட்டினான். அதட்டுவது அவன் தொழில். பயல் மட்டும் அக்காவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். அவன் இப்போதெல்லாம் அதிகம் அழுவதில்லை. அது நல்ல குணம் என்று அக்கம்பக்கத்தில் பேர் வாங்கியிருந்தான்.

மறுநாள் மாலை மேஸ்திரி வேலை முடிந்து வந்தான். சாயங்காலக் கஞ்சி அவன் பொறுப்பு. நல்ல அப்பன் என்று தெருவில் நாலு பேர் சொல்லும்படி அதைச் செய்துவந்தான். பாத்திரத்தில் கஞ்சி இருந்தது. நாளெல்லாம் கம்பிமேல் ஏறி இறங்கியவனுக்குக் கரண்டி கரண்டியாக ஊட்டப் பொறுமை கிடையாது. பால் பாட்டில் ஒன்று வைத்திருந்தான். ரப்பரின் ஓட்டையை, சூடுகாட்டிய ஊசியால் பெரிதாக்கியிருந்தான். பாட்டில் கூடாதென்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்ததால், இந்த ஏற்பாடு அவனுக்கும் பயலுக்கும் இடையில் மட்டும் இருந்தது. ஓட்டையில் இறங்க வேண்டுமே என்று கஞ்சியில் வெந்நீர் விட்டுக் கொஞ்சம் இளக்கினான். பயல் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினான். கிண்ணம் காலி.

"பாத்தியா?" என்று பாட்டிலைத் துணிக்கடியில் மறைத்துவிட்டு அவன் பெண்டாட்டியைக் கூப்பிட்டான். "என் கையில எப்படி சாப்பிடுறான் பாத்தியா? அப்ப தப்பு எங்க நடக்குது?"

அவனுக்கு அது வேலையிடத்துக் கணக்காகவே பட்டது. மாவு சரி. கிண்ணம் சரி. ஆனால் தளத்துக்குப் பலம் வரவில்லை. அப்படியென்றால் நடுவில் யாரோ கை வைக்கிறார்கள். மற்ற நாட்களில் தண்ணீர் என்று கத்துகிற வாய், சொந்த வீட்டு விஷயம் என்றதும் திருடன் என்றது.

"அக்கா வந்ததுக்கு இப்ப நல்லா இருக்கால்ல?" என்றான் குரலைத் தாழ்த்தி. "கன்னம்லாம் உப்பியிருக்கு."

பெண்டாட்டி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா அப்படிப்பட்டவள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பால் வற்றிப்போச்சு என்ற பேச்சு அவளைவிட்டு நகர்ந்து வேறு பக்கம் போவது சௌகரியமாக இருந்தது. "நான் என்னத்தக் கண்டேன்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் மேஸ்திரி தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்கு வந்தான். கதவு திறந்திருந்தது. பயல் பாயில் படுத்து விரலைச் சூப்பிக்கொண்டிருந்தான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சிக் கிண்ணத்தை வழித்து நக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்கா?" என்றான் வாசலிலேயே நின்று.

அக்கா நிமிர்ந்தாள். விரல் வாயில் இருந்தது. "என்னடா இந்நேரத்துல?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. நல்லாருக்கான்னு கேட்டேன்."

"மிச்சம் வச்சான். கொட்டவா சொல்ற?"

"மிச்சம் வச்சான்! என் கையில வைக்காதவன் உன் கையில வைக்கிறானா? பச்சப் புள்ள வாயில இருந்து புடுங்கித் திங்கிறியே, வயித்துல எறங்குதா அது உனக்கு?"

பக்கத்து வீட்டு வாசலில் இரண்டு தலை முளைத்தது. அக்கா எழுந்தாள். கிண்ணத்தைக் கழுவினாள். துடைத்தாள். கவிழ்த்து வைத்தாள். பயலைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"எங்க போற?"

"எங்க போனா உனக்கென்ன? புள்ளைக்குக் கஞ்சி மிஞ்சும்."

போய்விட்டாள். தலைக்கவசமும் பிள்ளையுமாக அவன் நடுவீட்டில் நின்றான்.

மேஸ்திரி வேறு வழியில்லாமல் லீவு போட்டான். பெண்டாட்டி லீவு கேட்டால் திரும்பி வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அவன் இல்லாத நாட்களில் வேலையிடத்தில் மூன்றாவது மாடித் தளம் போட்டார்கள். எல்லோரும் ஆசை தீர ஊற்றினார்கள் என்று பம்புக்காரன் போன் செய்து மிக்ஸர்காரனைக் காட்டிக்கொடுத்தான். மிக்ஸர்காரன் போன் செய்து பம்புக்காரனைக் காட்டிக்கொடுத்தான். வந்து பேசிக்கொள்கிறேன் என்றான் மேஸ்திரி. அவனுக்கு வீட்டில் பெரிய வேலை இருந்தது. ஒரு வேளையைக் கூட்டி நாலு வேளையாக்கினான். பயல் எல்லாவற்றையும் உறிஞ்சித் தள்ளினான். வயிறு மத்தளம்போல நின்றது. துணி மாற்றி மாளவில்லை.

"போற போக்கப் பாரு" என்று ஈரத்துணியைத் தூக்கிக் காட்டினான். "உள்ள போறதாலதான வெளிய வருது?"

"அண்ணி போனதுக்கு இப்ப முகம் தெளிஞ்ச மாதிரி இருக்கு" என்றாள் பெண்டாட்டி. தெளியவில்லை என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. பால் கொடுக்கும்போது மடியில் அவன் இன்னும் துணி மூட்டைபோலத்தான் இருந்தான்.

சொன்ன நாளுக்குக் காத்திருக்க மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. பெண்டாட்டி அரைநாள் கெஞ்சி வாங்கினாள். வரிசையில் பயலுக்குப் பசிக்குமே என்று பாட்டிலை நிரப்பிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். தராசு ஏறியிருக்கும், அக்காவின் வேலைதான் என்று ஊரறிய நிரூபணமாகும் என்று நம்பினான். பெற்ற பிள்ளை பிழைப்பதோடு கூடவே தான் சொன்னதும் சரியாகிவிட வேண்டும் என்று ஆசைப்படுவது மனித சுபாவம்.

முள் ஏறவில்லை. முன்பு நின்ற கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது.

"தராசு சரியா பாருங்க சிஸ்டர்."

"உங்களுக்கு முன்னாடி பத்துப் புள்ளைக்குச் சரியாத்தான் இருந்துச்சு." நர்ஸ் பயலின் கையைப் பிடித்துத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். பயல் சிணுங்கினான். மேஸ்திரி பழக்க தோஷத்தில் பையிலிருந்து பாட்டிலை எடுத்து அவன் வாயில் வைத்துவிட்டான்.

"என்னது அது?"

அவன் மறைப்பதற்குள் நர்ஸ் பிடுங்கிவிட்டாள். ஆட்டிப் பார்த்தாள். சளப் சளப் என்றது.

"கஞ்சி" என்றான்.

"இதுவா?"

மேசை டிராயரிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தாள். பாட்டிலின் மூடியைத் திருகிக் கரண்டியில் ஊற்றினாள். கரண்டியைச் சாய்த்தாள். ஒரு கணம்கூட நிற்காமல் கஞ்சி மேசையில் ஓடி, விளிம்பைத் தாண்டி, அவள் செருப்பில் சொட்டியது.

"புள்ளைக்குக் குடுக்குற கஞ்சி கரண்டியில ஒக்காரணும். சாய்ச்சா சொத்துன்னு விழணும், ஓடக் கூடாது. அவன் வயிறு அவன் மூடுன கை அளவுதான். அத நீங்க தண்ணியால ரொப்பிட்டா சோறு எங்க போகும்? பசி அடங்கிரும், பலம் வராது. புள்ள அழாம கெடப்பான், நீங்களும் நல்ல புள்ளன்னு சொல்லுவீங்க."

மேஸ்திரி மேசையில் ஓடியதைப் பார்த்தான். இப்படி ஓடியதைப் பார்த்து எத்தனை பேரின் அப்பன் ஆத்தாளை இழுத்திருக்கிறான் என்று அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். காது மடல் சிவந்தது.

"யாரு இவ்வளவு தண்ணி ஊத்துனது?" என்றாள் நர்ஸ்.

"நான் கொஞ்சம்தான் ஊத்தினேன்" என்றான் மேஸ்திரி. "ஓட்டைல எறங்கணும்னு. நான் ஊத்தறப்பவே அது இளகித்தான் இருந்துச்சு."

நர்ஸ் பெண்டாட்டியைப் பார்த்தாள். அவள் தரையைப் பார்த்தாள். "காலைல ஒரே தடவையா காச்சி வச்சிட்டுப் போயிருவேன். மத்தியானத்துக்குள்ள பசை மாதிரி இறுகிரும். அதனால மொதல்லயே கொஞ்சம் தளர..."

"கொஞ்சம்?"

"ரெண்டு டம்ளர்."

"எனக்கு ஏன்டி சொல்லல?"

"நீங்க ஓட்டையப் பெருசாக்குனத எனக்குச் சொன்னீங்களா?"

வரிசையில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். நர்ஸ் பாட்டிலைக் குப்பைக்கூடையில் போட்டாள். "எம்மேலயும் தப்பிருக்கு. எத்தன கிண்ணம்னுதான் கேட்டேன், எப்படிக் காச்சுறீங்கன்னு கேக்கல. சரி, கெட்டியா காச்சுங்க. இறக்கினதும் ஒரு கரண்டி எண்ணெய் விடுங்க. பருப்பு, முட்டை, பழம், எதா இருந்தாலும் நல்லா மசிச்சுக் குடுக்கலாம். கட்டி இருக்கக் கூடாது. கரண்டியிலதான் குடுக்கணும். ஒரு வாரம் தர்றேன். ஏறலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிருவேன்."

கெட்டியாகக் காய்ச்சினார்கள். எண்ணெய் விட்டார்கள். கரண்டியைச் சாய்த்தார்கள், நின்றது. மேஸ்திரி அதைக் கண்டு மனம் நிறைந்து, பயலின் வாயருகே கொண்டுபோனான். பயல் வாயைத் திறந்து வாங்கினான். யோசித்தான். பிறகு அப்பன் மீசையில் துப்பினான்.

மறுபடி கொடுத்தான். மறுபடி துப்பினான். உறிஞ்சிப் பழகிய வாய்க்கு மெல்லுவது என்றால் என்னவென்றே தெரியவில்லை. மூன்றாம் தடவை உதட்டை இறுக்கிப் பூட்டிக்கொண்டான். மேஸ்திரி அதட்டினான். வேலையிடத்தில் அத்தனை ஆம்பிளைகளும் பயப்படுகிற அதட்டல் அது. பயல் ஒரு கையால் கிண்ணத்தைத் தட்டிவிட்டான். சுவரில் ஒட்டிய கஞ்சி கீழே வழியாமல் அப்படியே நின்றது. பதம் மட்டும் பிசகில்லை.

"தள்ளுங்க, நான் பாக்குறேன்" என்று பெண்டாட்டி வந்தாள். பாட்டுப் பாடினாள். காக்கா காட்டினாள். லாண்டரி வண்டி தெருமுனையில் ஹாரன் அடித்தது. பாட்டைப் பாதியில் நிறுத்திக் கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடினாள்.

இரண்டு நாள் இப்படியே போயிற்று. பாட்டில் இல்லை, கரண்டி ஆகவில்லை. பயல் இப்போது அழுதான். முன்பு அழாதவன் தொண்டை கிழிய அழுதான். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "தங்கமான புள்ளையா இருந்தானே, என்னாச்சு?" என்றாள். மேஸ்திரிக்கு அவளைக் கொல்லலாம்போல இருந்தது. வாரத்தில் மிச்சமிருந்த நாட்களை விரல்விட்டு எண்ணினான். பயலைத் தோளில் போட்டுக்கொண்டு, அக்கா முன்பு சுமை தூக்கிய சூளைக்கு நடந்தான்.

சூளையை ஒட்டிய தகரக் கொட்டகைகளில் ஒன்றில் அக்கா பழைய கூட்டாளி ஒருத்தியோடு தங்கியிருந்தாள். செங்கல் தூளில் எல்லாம் சிவப்பாக இருந்தது. நாய்கூடச் சிவப்பாக இருந்தது. அக்கா வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"யாரு வந்திருக்கான்னு பாருடி" என்றாள் கூட்டாளி. "கெண்ணத்த ஒளிச்சு வையி."

மேஸ்திரி அதை விழுங்கிக்கொண்டான். "அக்கா, இவன் சாப்பிட மாட்டேங்குறான்."

"நீ குடுத்தா ஒரு சொட்டு வைக்க மாட்டானே?"

"இல்லக்கா. நான் குடுத்தது... நர்ஸம்மா பாத்துட்டாங்க. அது கஞ்சியே இல்லியாம். வெறும் தண்ணியாம். நானும் ஊத்தியிருக்கேன், அவளும் ஊத்தியிருக்கா. அதான் ஏறலயாம்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். சிரித்திருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"நானுந்தான் ஊத்தினேன்" என்றாள்.

"நீயுமா?"

"ஊட்ட ஆரம்பிச்ச புதுசுல ஒருநாள் கட்டி ஒண்ணு தொண்டைல அடைச்சுக்கிச்சுடா. மூச்சு இல்ல. ஒதடெல்லாம் நீலம் பாரிச்சிருச்சு. தொடைல கவுத்துப் போட்டு முதுகுல அறைஞ்சேன். தெறிச்சு வந்துச்சு. சொன்னா நீங்க புள்ளைய என்கிட்ட விட மாட்டீங்கன்னு சொல்லல. அன்னையிலிருந்து வெந்நி விட்டு ஓட ஓடத்தான் குடுத்தேன். பயம்."

  பயல் அவள் சேலைத் தலைப்பை எட்டிப் பிடித்து இழுத்தான். அவள் தூக்கவில்லை, தலைப்பை மட்டும் விட்டுவைத்தாள்.

"வாக்கா" என்றான்.

"எதுக்கு? திருடி கையில எதுக்குப் புள்ளையக் குடுக்குற?"

"அதான் வந்துட்டேன்ல."

"வந்தா ஆச்சா? தெரு கேக்கச் சொன்னியே, இப்ப மட்டும் சூளைல வந்து முணுமுணுக்குற. உன் வாயில தண்ணி ஊத்திட்டாங்களா?"

கூட்டாளி டீயைத் துப்பிக்கொண்டு சிரித்தாள். மேஸ்திரி செருப்பு நுனியால் செங்கல் துண்டைப் புரட்டினான். தப்பு என்ற ஒரு சொல் தொண்டைக்குழி வரை வந்தது. அதிலும் ஏதோ கட்டி இருந்திருக்க வேண்டும், வெளியே வரவில்லை.

"சரி, நீ என்ன சொன்னாலும் கேக்குறேன்" என்றான். அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அவன் தின்னது போக மிச்சத்த நான்தான் திம்பேன். நீ வீட்டுல இருந்தாலும் திம்பேன். உன் மூஞ்சிக்கு நேரா ஒக்காந்து வழிச்சு நக்குவேன். நீ பாத்துக்கிட்டு இருக்கணும்."

"சரிக்கா."

"உன் பொண்டாட்டியும் பாக்கணும்."

"சரி."

"கஞ்சிய நான்தான் காச்சுவேன். வேளைக்கு வேளை. அவ காச்சி வச்சிட்டுப் போக வேணாம்."

"சரி சரி."

அப்புறந்தான் பயலைத் தூக்கினாள்.

அக்கா ஊட்டிய விதத்தில் மந்திரம் ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் நேரம். கஞ்சியை விரலால் நசுக்கி நசுக்கிக் கட்டி பார்த்தாள். முதலில் கரண்டி நுனியில் ஒரு பருப்பளவு வைத்து அவன் உதட்டில் தடவினாள். துப்பினான். துடைத்தாள். அவன் கையில் இன்னொரு கரண்டியைக் கொடுத்துத் தட்டவிட்டாள். அவன் தட்டுவதில் மும்முரமாகி வாயைத் திறந்தபோது ஒரு வாய். ஒவ்வொரு வாய்க்கும் அவன் கண்ணையும் தொண்டையையும் பார்த்துக்கொண்டு அவளும் சேர்ந்து விழுங்கினாள். பயம் இன்னும் போகவில்லை. மேஸ்திரி ஒருமுறை பொறுக்காமல், "வேகமா குடேன்க்கா" என்றான்.

"நீ வேணா வந்து துப்பு வாங்கிக்க."

மேஸ்திரி பின்னால் நகர்ந்து உட்கார்ந்தான். ஒரு கிண்ணம் முடிய அடுத்த வேளையே வந்துவிடும்போலிருந்தது. முதல் நாள் பாதி உள்ளே போனது. பாதி தரைக்கும் சேலைக்கும். கிண்ணத்தில் மிஞ்சியதை அக்கா எடுத்துக்கொண்டு, சொன்னபடியே தம்பிக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவசரமில்லாமல் தின்றாள். பெண்டாட்டி லாண்டரியிலிருந்து வந்ததும் அவளுக்காக ஒரு வாய் மிச்சம் வைத்திருந்து அவள் முன்னாலும் தின்றாள். பெண்டாட்டி நின்றபடியே பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு டம்ளர் டீ போட்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணி, நான் அன்னிக்கு வாயத் தெறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்றாள் அக்கா. டீயை எடுத்துக்கொண்டாள்.

மேஸ்திரி வேலைக்குத் திரும்பினான். மூன்றாவது மாடித் தளத்தில் காலை வைத்துப் பார்த்துவிட்டு மிக்ஸர்காரனையும் பம்புக்காரனையும் கூப்பிட்டான். இரண்டு பேரும் அறையை எதிர்பார்த்துக் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு வந்தார்கள். அவன் வாயைத் திறந்தான், மூடினான். "எனக்குத் தெரியாம இனிமே ஊத்தாதீங்கடா" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தான். போலீஸுக்கு உடம்பு சரியில்லை என்று பேச்சு பரவியது.

வாரம் முடிந்த அன்று மூவரும் பயலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வழியில் இந்த முறை ஒருவரும் யார்மேலும் பழிபோடவில்லை.  பெண்டாட்டி பயலின் முகத்தைத் திரும்பத் திரும்பப் புடவையில் துடைத்தாள். மேஸ்திரி வரிசையில் நின்றபோது முன்னால் இருந்தவர்களின் பிள்ளைகளையெல்லாம் கண்ணாலேயே எடைபோட்டான். எல்லாமே அவன் மகனைவிடக் குண்டாகத் தெரிந்தன.

தூளியில் போட்டதும் பயல் முன்னைவிட ஓங்கி உதைத்தான். முள் ஆடியது. நர்ஸ் தூளியைப் பிடித்து நிறுத்தினாள். குனிந்து பார்த்தாள். நிமிராமல் இன்னொரு முறை பார்த்தாள். 

"ஏறியிருக்கு" என்றாள். "ரொம்ப இல்ல. ஆனா ஏறியிருக்கு. சீட்டு வேணாம். இன்னும் கொஞ்ச நாள் வாராவாரம் தூக்கிட்டு வாங்க."

பெண்டாட்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு ஊட்டுறது?"

"நாங்கதான்" என்று மேஸ்திரியின் வாய் பழக்கத்தில் தொடங்கியது. பெண்டாட்டி கீழேயிருந்து அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் தொண்டையைச் செருமினான். "எங்கக்கா. எங்கக்காதான் ஊட்டுறா." வரிசைக்குக் கேட்கும்படி சற்று உரக்கவே சொன்னான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என்ன பெரிய விஷயம் என்று எவருக்கும் புரியவில்லை. திரும்பிக்கொண்டார்கள்.

அக்கா பயலுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள். கேட்டமாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. தெருமுனை வருவதற்குள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புடிடா இவன" என்றாள் எரிச்சலோடு. "என்னா கனம் கனக்குறான். தூக்க முடியல."

மேஸ்திரி இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டான்.